நரகத்தில் எத்தனை வருஷம்?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை கடல் ஊருக்குள் வந்தது. புதுச்சேரி நகரத்திலிருந்து வடக்கே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள மீனவக் கிராமங்களும் அந்த அலையில் அடிபட்டன. தண்ணீர் வடிந்த கையோடு விளக்கங்களும் வந்து சேர்ந்தன. உலகத்தில் பாவம் பெருத்துவிட்டது, அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று சொல்ல ஒவ்வொரு மதத்திலும் யாராவது ஒருவர் இருந்தார். ஆனால் அதே அலைதான் கிறிஸ்துமஸை ஒட்டி வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்ரீகர்களையும் இழுத்துக்கொண்டு போனது. கரையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளையும் விடவில்லை. கடல் ஒரு நீதிபதி என்றால், அன்றைக்கு அது வழக்குக் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஐரோப்பா இந்த அனுபவத்தை 1755 நவம்பர் 1-ஆம் தேதியே பட்டிருக்கிறது. சகல புனிதர் திருநாள் அன்று லிஸ்பனில் நிலம் நடுங்கியபோது கோயிலில் பூசை கண்டுகொண்டிருந்தவர்கள் மேலேயே கூரை விழுந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் அதை வைத்துக் கவிதை எழுதினார். தண்டனை என்று பிரசங்கம் செய்தவர்களைக் கேள்வி கேட்டார்.

அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பிள்ளைச்சாவடி அப்படிக் கேள்வி கேட்கத் தோதான ஊர். ஊர்ப்பெயரையே முகவரியாகக் கொண்ட அரசுப் பொறியியல் கல்லூரி இன்று தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகிவிட்டது. பக்கத்தில் காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம். இன்னொரு பக்கம், கடலரிப்பில் வீடுகளைப் பறிகொடுத்து, கல் கொட்டித் தடுப்பு கட்டச் சொல்லிச் சாலை மறியல் வரை போன மீனவர் குடியிருப்பு. நரகம் உண்டா என்று இங்கே கேட்டால் உண்டு, இல்லை என்ற இரண்டோடு பேச்சு முடியாது. மூன்றாவதாக ஒன்றும் காதில் விழும்: “அங்க ஒண்ணும் இல்ல, எல்லாம் இங்கதான். செஞ்சத இங்கயே அனுபவிச்சுட்டுத்தான் போவணும்.” தமிழ்நாட்டில் எந்தத் திண்ணையிலும் கேட்கிற வாக்கியம்தான். சொல்பவர் சாமி கும்பிடுகிறவராகவும் இருப்பார்.

ஆனாலும் வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டால் இந்த வாக்கியம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். பதினாறாம் நாள் கருமாதி வரைக்கும் ஒன்றன்பின் ஒன்றாகச் சடங்கு. கருட புராணத்தைச் சாவு வீட்டில்தான் படிக்கலாம், மற்ற நாளில் வீட்டில் வைத்திருப்பதே ஆகாது என்று நினைப்பவர்கள் இன்றும் நிறைய. பாகவத புராணம் 28 நரகங்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது. அந்தப் பெயர்களை இளைய தலைமுறை தெரிந்துகொண்டது புராணத்திலிருந்து அல்ல, 2005-இல் வந்த ஷங்கரின் ‘அந்நியன்’ படத்திலிருந்து. கும்பீபாகம், கிருமிபோஜனம், அந்தகூபம் என்று கல்லூரிப் பையன்கள் ஒப்பித்தார்கள். ஓர் ஆயிரம் உபன்யாசத்தால் ஆகாத காரியம்.

எண்ணெய்க் கொப்பரைப் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். இந்த நரகங்களில் ஆயுள் தண்டனை கிடையாது. பாவத்துக்குத் தக்க காலம் அனுபவித்துவிட்டு உயிர் மறுபடி பிறக்க வந்துவிடும். காலாப்பட்டு மத்தியச் சிறையைப் போல உள்ளே போனவருக்கு வெளியே வரும் தேதி ஒன்று உண்டு. அதற்குள் பிள்ளைகள் வெளியே இருந்து செய்ய வேண்டியதைச் செய்து பாரத்தைக் குறைக்கலாம். வைதரணி ஆற்றைக் கடக்கப் பசு தானம், எமலோகம் போகிற சுடுவழிக்குச் செருப்பு, வெயிலுக்குக் குடை, தாகத்துக்குச் சொம்பு. வில்லியனூர் பக்கம் சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ள திருக்காஞ்சிக்கு அமாவாசை தோறும் தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டத்தில், நரகத்தின் வரைபடத்தை நம்பி வந்தவர் எத்தனை பேர் என்று சொல்ல முடியாது. அப்பாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வந்தவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

பகுத்தறிவுக்காரர்கள் கை வைத்ததும் சரியாக இந்த இடத்தில்தான். செத்தவருக்கென்று கொடுத்த குடையை யார் பிடித்துக்கொண்டு போகிறார்கள்? இந்தக் கேள்வி பெரியாருக்கும் முந்தியது. பிராட்லாவின் இங்கிலாந்து மதச்சார்பற்றோர் சங்கத்தோடு தொடர்பு வைத்திருந்த சென்னை இலௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை ‘தத்துவவிவேசினி’ நடத்தி மோட்சம், நரகம், மறுபிறவி எல்லாவற்றையும் தமிழில் விவாதத்துக்கு இழுத்தார்கள். புதுச்சேரிக்கு அந்தக் காற்று வலுவாக வந்தது 1930களின் தொடக்கத்தில், ‘புதுவை முரசு’ காலத்தில். பாரதிதாசனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1891-இல் புதுவையில் பிறந்தவர். மயிலம் முருகன் மேல் துதி பாடிய அதே கைதான் பிறகு சுயமரியாதை இயக்கத்தின் கவிதைகளை எழுதியது. ஒரே ஆளுக்குள் இரண்டு புதுச்சேரி.

இயக்கத்தார் இந்து நரகத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ரஸ்ஸல் 1927-இல் லண்டனில் நிகழ்த்திய ‘நான் ஏன் கிறிஸ்தவன் அல்ல’ உரையையும் தமிழில் கொண்டுவந்தார்கள். அதில் ரஸ்ஸலின் கூர்மையான அடி நரகத்தின் மேல்தான் விழுகிறது. ஆழ்ந்த மனிதத்தன்மை உள்ள ஒருவரால் முடிவே இல்லாத தண்டனையை நம்ப முடியாது என்பது அவர் வாதம். அது தீயைப் பற்றியதல்ல, காலத்தைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள்.

கிறிஸ்தவம் இந்தப் பக்கம் வந்தபோது மக்களை உறுத்தியதும் இதுவே. நம் மீனவக் கரைகளில் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு ஜப்பான் வரை போன பிரான்சிஸ் சவேரியார், திரும்பி வந்து 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். ஞானஸ்நானம் பெறாமல் செத்த முன்னோர்கள் நரகத்தில் இருந்து மீளவே முடியாதா, ஜெபத்தாலும் தானத்தாலும் ஒன்றும் செய்ய முடியாதா என்று ஜப்பானியர்கள் அழுதார்களாம். மீட்க வழியில்லை என்றே அவர் சொல்லியிருக்கிறார். புது மதத்தை மனதார ஏற்றுக்கொண்டவர்களுக்குத் தாத்தா பாட்டி நினைப்புதான் தொண்டையில் சிக்கியது.

கத்தோலிக்கத்தில் ஒரு நடுவழி உண்டு: உத்தரிக்கும் ஸ்தலம். நரகத்துக்குப் போகும் அளவுக்குக் கெடாதவர்கள் சுத்தமாகிற இடம்; அவர்களுக்காக உயிரோடு இருக்கிறவர்கள் வேண்டலாம், பூசை வைக்கலாம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று புதுவைக் கல்லறைகளில் மெழுகுவத்தியும் பூவுமாக நிற்பவர்களையும், திருக்காஞ்சியில் எள்ளும் தண்ணீருமாக நிற்பவர்களையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். லூத்தர் வழி வந்த புராட்டஸ்டண்டுகள் உத்தரிக்கும் ஸ்தலம் வேதத்தில் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். அதனால் அவர்களுடைய நரகம் கண்டிப்பு மிகுந்தது.

வங்கக்கடல் ஓரத்தில் கோட்டக்குப்பத்து முஸ்லிம்களிடம் கேட்டால் ஜஹன்னம் உண்டு, அதற்கு ஏழு வாசல் என்று குர்ஆனே சொல்கிறது என்பார்கள். ஆனால் ஈமான் (இறைநம்பிக்கை) உள்ள பாவி அங்கேயே கிடக்கமாட்டார், தண்டனை முடிந்து வெளியே வருவார் என்பது சுன்னி முஸ்லிம்களின் பொது நம்பிக்கை. நரகமே ஒருநாள் இல்லாமல் போகுமா என்றுகூட 14-ஆம் நூற்றாண்டில் இப்னு தைமிய்யா, அவர் மாணவர் இப்னுல் கையிம் பெயர்களோடு ஒரு விவாதம் எழுந்தது. பெரும்பாலான ஆலிம்கள் அதை ஏற்கவில்லை.

ஆக எல்லா மதத்திலும் உள்ளுக்குள் ஒரு வாய்தா வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. தமிழில் அந்த வழக்கின் உச்சம் ராமானுஜர். பதினெட்டு முறை நடந்து திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திரார்த்தம் பெற்றார், வெளியே சொன்னால் நரகம் என்ற நிபந்தனையோடு. கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் சொன்னார். இத்தனை பேர் கரையேறுவதற்காக நான் ஒருவன் நரகம் போனால் போகட்டும் என்றார் என்பது வைணவ மரபு. நரகத்தை அவர் மறுக்கவில்லை. அதை வைத்து மிரட்ட முடியாது என்று காட்டினார். நாத்திகர் செய்ததைவிட இது பெரிய காரியமோ என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

ஆனால் இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த விவாதம் ஒரு கடற்கரையில் நடந்தது. மணிமேகலையில் சாதுவன் என்ற வணிகன், கணிகையிடமும் சூதிலும் பணத்தைத் தொலைத்துவிட்டுக் கப்பலேறுகிறான். கப்பல் உடைகிறது. நாகர்கள் வாழும் மலைப்பக்கம் ஒதுங்குகிறான். அவர்கள் தலைவன் கள், இறைச்சி, பெண் எல்லாம் கொடுத்து உபசரிக்கப் பார்க்கிறான். சாதுவன் மறுத்து, நல்வினை செய்தால் நல்லுலகம், தீவினை செய்தால் நரகம் என்கிறான். தலைவன் வாய்விட்டுச் சிரிக்கிறான். உடம்பை விட்டு ஓடும் உயிர் எங்கே போய் எப்படிப் புகும், சொல் என்கிறான். இரண்டாயிரம் பக்கத் தத்துவ நூலில் உள்ள எந்த மறுப்பையும்விட நேரான கேள்வி. சாதுவன் சொல்லும் பதில் (உயிர் போன உடம்பைச் சுட்டாலும் அதற்குத் தெரிவதில்லை, ஆகவே போனது ஒன்று உண்டு, கனவில் உயிர் உடம்பை விட்டுத் தொலைதூரம் போகிறதே) இன்றைய பகுத்தறிவு மேடையில் ஒரு நிமிஷம்கூட நிற்காது. தலைவன் ஏற்றுக்கொள்கிறான். ஆனாலும் கள்ளும் ஊனும் இல்லாமல் எங்களால் முடியாது, எங்களுக்கு ஆகிற அறத்தைச் சொல் என்கிறான். சாதுவன் கேட்பது: கப்பல் உடைந்து இங்கே ஒதுங்குகிறவர்களைக் கொல்லாதே, மூத்துச் சாகிற விலங்கைத் தவிர மற்றதைக் கொல்லாதே. தலைவன் ஒத்துக்கொள்கிறான். கடலில் பிழைக்கிறவர்களுக்கு இதைவிட உதவுகிற ஒப்பந்தம் எது?

பயம் இருந்தால்தான் ஜனம் ஒழுங்காக இருக்கும் என்பவர்களுக்கு ஆதாரமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2012-இல் ஷாரிஃப், ரெம்துல்லா என்ற இரு உளவியலாளர்கள் 67 நாட்டுத் தரவுகளை வைத்து, சொர்க்க நம்பிக்கையோடு ஒப்பிட நரக நம்பிக்கை வலுவாக உள்ள நாடுகளில் குற்றம் குறைவாக இருப்பதாக எழுதினார்கள். இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதுதான் அதில் தெரிவது. ஒன்றால் மற்றது விளைந்தது என்று அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. அதோடு, சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் “பாவத்தின் சம்பளம்” என்று சொல்ல ஒருவருக்குத் துணிச்சல் கொடுத்ததும் இதே நம்பிக்கைதான். அந்தக் கணக்கை எந்தத் தரவும் எடுப்பதில்லை.

ரோமாபுரியிலேயே பேச்சின் தொனி மாறியிருக்கிறது. நரகம் என்பது ஓர் இடம் என்பதைவிடக் கடவுளை விட்டுத் தானாக விலகிப் போனவரின் நிலை என்று 1999 ஜூலையில் இரண்டாம் ஜான் பால் விளக்கினார். நரகமே இல்லை என்று போப் பிரான்சிஸ் தன்னிடம் சொன்னதாக 2018-இல் இத்தாலியப் பத்திரிகையாளர் ஸ்கல்ஃபாரி எழுதியபோது, அது போப்பின் வார்த்தை அல்ல என்று வத்திக்கான் உடனே மறுத்தது. நரகம் உண்டு, அது முடிவற்றது என்ற போதனை ஏட்டில் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஒன்று. ஆயிரக்கணக்கானவர்களைப் புனிதர் என்று பெயர் சொல்லி அறிவித்திருக்கும் அந்தத் திருச்சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று இன்றுவரை ஒருவர் பெயரையும் அறிவித்ததில்லை. யூதாஸின் பெயரைக்கூட.