38 வெற்றி, ஒரே தோல்வி, கடைசி 19 விநாடி

மொத்தம் 41 ஆட்டங்கள். 38 வெற்றி, ஒரு தோல்வி, இரண்டு டிரா. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியின் 2024-25 சீசன் கணக்கு இது. இப்படி ஆடிய அணி கோப்பையை வென்றதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். ஆனால் இறுதி ஆட்டம் முடிய 19 விநாடி மட்டுமே இருந்தபோது அந்த அணி ஒரு கோல் பின்தங்கி இருந்தது. அப்படியே மணி அடித்திருந்தால் ஆறு மாத வெற்றிகளும் செல்லாக்காசுதான். இது எப்படி? விடை, அமெரிக்காவில் கல்லூரி ஐஸ் ஹாக்கி சீசனை வகுத்திருக்கும் விதத்தில் இருக்கிறது.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஹாக்கி என்றால் நமக்குப் பதினொரு பேர் ஆடுவதுதான் பழக்கம். ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பரையும் சேர்த்து ஆறு பேர். 200 அடி நீளம், 85 அடி அகலப் பனித்தளம். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். பந்துக்குப் பதில் 'பக்' எனப்படும் தட்டையான ரப்பர் வில்லை. துள்ளாமல் வழுக்க வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறையவைத்துவிடுவார்கள். முக்கால் நிமிடம் முழுவேகத்தில் சறுக்கினாலே மூச்சு வாங்கிவிடும். அதனால் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐந்து பேர் வேலி தாண்டி வெளியேற, வேறு ஐவர் உள்ளே குதிப்பார்கள். பெண்கள் ஆட்டத்தில் எதிராளியை வேண்டுமென்றே உடலால் மோதிச் சாய்ப்பது குற்றம். எனவே முரட்டுத்தனத்தைவிட பாஸுக்கும் வேகத்துக்கும் மதிப்பு அதிகம். பார்க்கவும் இதுவே அழகு என்பது என் கட்சி.

இனி சீசனுக்கு வருவோம். செப்டம்பர் கடைசியில் தொடங்கி மார்ச் வரை ஓடும். விஸ்கான்சின் ஆடுவது டபிள்யூ.சி.எச்.ஏ. என்ற லீக்கில். அதில் எட்டுக் கல்லூரிகள். மற்ற ஏழு அணிகளுடனும் தலா நான்கு ஆட்டம், ஆக 28. லீக்குக்கு வெளியே ஆறு. பெரும்பாலும் ஒரே எதிரணியுடன் வெள்ளி, சனி என அடுத்தடுத்த நாளில் மோதல். நடுவில் வகுப்பு, தேர்வு எல்லாம் உண்டு. முதல் நாள் வாங்கிய அடிக்கு மறுநாளே பதில் சொல்லலாம் என்பது இந்த ஏற்பாட்டின் சுவை. இதனாலேயே அணிகளுக்குள் ஒளிவுமறைவு என்று எதுவும் மிஞ்சாது. பிப்ரவரிக்குள் எதிரணியின் கோல்கீப்பர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதுவரை மனப்பாடமாகிவிடும்.

அந்த 'இரண்டு டிரா' என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 60 நிமிடத்தில் வென்றால் லீக்கில் மூன்று புள்ளி. சமநிலை என்றால் ஐந்து நிமிடக் கூடுதல் நேரம், அதுவும் பக்கத்துக்கு மூன்று ஆட்டக்காரர்களை மட்டும் வைத்து. அப்போதும் முடிவு இல்லையென்றால் ஷூட்அவுட். அதில் வென்றவர்களுக்கு லீக் அட்டவணையில் ஒரு புள்ளி கூடும். ஆனால் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் ஏட்டில் அந்த ஆட்டம் டிராதான்.

லீக் முடிந்ததும் லீக்குக்குள்ளேயே நாக்-அவுட் போட்டி. விஸ்கான்சின் அந்த வருடம் லீக் பட்டம், நாக்-அவுட் கோப்பை இரண்டையும் அள்ளியது. அதற்குமேல்தான் தேசியப் போட்டி. பதினொரு அணிகள், லீக்குகளின் நாக்-அவுட் கோப்பையை வென்றவர்களுக்கு நேரடி இடம், மற்றவர்களுக்கு சீசன் முழுக்க ஆடியதை வைத்துத் தேர்வு. முதல் ஐந்து இடத்தில் இருப்பவர்கள் நேரே காலிறுதிக்குப் போகலாம். 34 ஆட்டம் உழைத்து ஈட்டிய சலுகை அவ்வளவுதான்: ஒரு சுற்று ஓய்வு, முதல் நான்கு இடத்தில் இருந்தால் காலிறுதியைச் சொந்த ஊரில் ஆடும் வாய்ப்பு. அதன்பின் எல்லோருக்கும் ஒரே சட்டம். ஒரு தோல்வி, மூட்டை கட்டு.

இந்த அணி மற்றவர்களை ஏன் இப்படி வாரிச் சுருட்டியது? ஆட்டக்காரர்களைப் பார்த்தால் புரியும். கேசி ஓ'பிரையன் 26 கோல் அடித்து, 62 கோலுக்கு வழி செய்து கொடுத்தார். ஐஸ் ஹாக்கியில் கோலுக்கும் உதவிக்கும் ஒரே மதிப்பு, ஆளுக்கு ஒரு புள்ளி. ஆக 88 புள்ளி. அவருடன் 35 கோல் அடித்த லைலா எட்வர்ட்ஸ். அமெரிக்க சீனியர் தேசிய அணிக்கு 2023இல் ஆடியபோது, அந்த அணியில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனவர். பின்களத்தில் கரோலைன் ஹார்வி. நாட்டின் சிறந்த கல்லூரி வீராங்கனைக்கான பேட்டி கஸ்மையர் விருதின் இறுதிப் பட்டியலில் அந்த வருடம் இருந்த மூவரும் இவர்களே. ஒரே கல்லூரி அந்த மூன்று இடத்தையும் பிடித்தது அதுவே முதல்முறை. விருது ஓ'பிரையனுக்குப் போனது.

தேசியப் போட்டியின் அரையிறுதியில் விஸ்கான்சின், மினசோட்டாவை, அதுவும் மினசோட்டாவின் சொந்தத் தளமான ரிட்டர் அரங்கில், 6-2 என்று நொறுக்கியது. 2025 மார்ச் 23 அன்று அதே அரங்கில் இறுதி ஆட்டம். எதிரில் ஒஹாயோ ஸ்டேட். இரு அணிகளும் தொடர்ந்து மூன்றாம் வருடமாக இறுதியில் சந்தித்தன. 2023இல் 1-0 என விஸ்கான்சின், 2024இல் அதே 1-0 என ஒஹாயோ. அந்த சீசனின் லீக்கிலேயே நான்கு தடவை மோதியவர்கள் வேறு.

கடைசி நிமிடத்தில் ஒஹாயோ 3-2 என முன்னிலை. விஸ்கான்சின் தன் கோல்கீப்பரை வெளியே அழைத்துவிட்டு ஆறாவது தாக்குதல் வீராங்கனையை இறக்கியது. காலியான கோலை விட்டுவிட்டு நடத்தும் சூதாட்டம் இது. ஒஹாயோவின் கோல் வாசலில் தள்ளுமுள்ளு. அந்தக் கூட்டத்தில் ஒரு தடுப்பு வீராங்கனையின் கை பக்கை மூடியது. கோல்கீப்பர் மூடினால் குற்றமில்லை. வாசலுக்குள் வேறு யார் மூடினாலும் பெனால்டி ஷாட். நடுவர்கள் நெடுநேரம் வீடியோவைப் புரட்டிப் பார்த்து, குற்றம்தான் என்றார்கள். விதியில் நியாயம் இருக்கிறது. சாதாரணக் குற்றத்துக்கு இரண்டு நிமிடம் வெளியே உட்காரவைப்பார்கள். 19 விநாடி மிச்சமிருக்கும்போது அது என்ன தண்டனை?

பெனால்டி ஷாட்டில் ஒருவர் நடுத்தளத்திலிருந்து பக்குடன் தனியாக வர வேண்டும். முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், ஒரே அடி, தட்டித் திரும்பி வந்தால் மறு அடி கிடையாது. வந்தவர் கிர்ஸ்டன் சிம்ஸ். 2023 இறுதியின் ஒரே கோலை முதலாண்டு மாணவியாக அடித்தவர். கடிகாரத்தில் 18.9 விநாடி. உள்ளே போட்டார். 3-3.

தேசியப் போட்டியில் மூவர் ஆட்டமும் இல்லை, ஷூட்அவுட்டும் இல்லை; முழு அணியோடு, முதல் கோல் விழும்வரை ஆட்டம். இரண்டு நிமிடம் 49 விநாடியில் அந்தக் கோலையும் சிம்ஸே அடித்தார். 4-3. விஸ்கான்சினுக்கு எட்டாவது தேசியப் பட்டம்.

பயிற்சியாளர் மார்க் ஜான்சனுக்குக் கடைசி நேரக் கோல் புதிதல்ல. 1980 ஒலிம்பிக்கில் சோவியத் அணியை அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் வீழ்த்திய அந்தப் புகழ்பெற்ற ஆட்டத்தில், முதல் பகுதி முடிய ஒரு விநாடி இருக்கும்போது சமன் செய்தவர் அவர்தான். எட்டுப் பட்டமும் அவர் பயிற்சியில் வந்தவை.

இனிமேல் சொல்வது கொண்டாட்டக்காரர்கள் அதிகம் பேசாத பக்கம். பெண்களுக்கான என்.சி.ஏ.ஏ. ஐஸ் ஹாக்கிப் பட்டம் தொடங்கியது 2001இல். கொரோனாவால் நின்றுபோன 2020 நீங்கலாக, 2025 வரை 24 பட்டங்கள். அவற்றை வென்றவை ஐந்தே கல்லூரிகள்: விஸ்கான்சின் 8, மினசோட்டா 6, மினசோட்டா டுலூத் 5, கிளார்க்சன் 3, ஒஹாயோ ஸ்டேட் 2. கிளார்க்சனைத் தவிர நான்கும் ஒரே லீக். முதல் மட்டத்தில் ஆடும் கல்லூரிகளோ நாற்பதுக்கும் மேல். குளிர் ஒரு காரணம், பழக்கம் இன்னொரு காரணம். மினசோட்டாவில் 1990களின் நடுவிலிருந்தே பெண்களுக்குப் பள்ளி அளவிலான மாநில ஐஸ் ஹாக்கிப் போட்டி நடக்கிறது. இவற்றைவிடப் பெரியது பணம். பெண்கள் அணிக்கென்றே தனி அரங்கு கட்டும் கல்லூரியும், விளையாட்டு உதவித்தொகையே தராத கல்லூரியும் ஒரே போட்டியில் ஆடுகின்றன. 38-1-2 என்ற கணக்கு ஒரு மகத்தான அணியைக் காட்டுகிறது, சரி. எதிரில் நின்றவர்களில் பலருக்கு அவ்வளவு வசதி இல்லை என்பதையும் அதே கணக்கு காட்டுகிறது.

ஓ'பிரையன் பட்டப்படிப்பு முடித்து, 2025 ஜூனில் நடந்த தொழில்முறைப் பெண்கள் லீக்கின் தேர்வில் மூன்றாவது ஆளாக நியூயார்க் அணிக்குப் போனார். சிம்ஸ், எட்வர்ட்ஸ், ஹார்வி மூவருக்கும் கல்லூரியில் இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்தது.