கார் ரிமோட் சாவியில் பேட்டரி தீர்ந்து போச்சா? பதறாதீங்க... கதவைத் திறக்கவும் வண்டியை எடுக்கவும் வழி இருக்கு!

காரைக்குடி பக்கம் நாச்சியாபுரத்தில் ஒரு கல்யாண வீடு. பந்தி முடிந்து கிளம்பும்போது இரவு 11 மணி. கார் சாவியின் பட்டனை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாலும் 'பீப்' சத்தம் வரவில்லை. அந்த நேரத்துக்கு எந்த சர்வீஸ் சென்டரும் திறந்திருக்காது.

இப்படி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? மெக்கானிக்கைத் தேட வேண்டியதில்லை, கண்ணாடியை உடைக்க வேண்டியதும் இல்லை. வண்டியை எடுக்கத் தேவையானது அந்தச் சாவிக்குள்ளேயே இருக்கிறது.

கதவைத் திறப்பது எப்படி?

பெரும்பாலான ஸ்மார்ட் சாவிகளுக்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். பக்கவாட்டில் அல்லது பின்பக்கத்தில் உள்ள சிறிய பட்டனைத் தள்ளிக்கொண்டே இழுத்தால் அது தனியாக வெளியே வரும்.

டிரைவர் பக்கக் கைப்பிடியில் சாவித் துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் துவாரத்தை ஒரு பிளாஸ்டிக் மூடி மறைத்திருக்கும். அதை மெதுவாக நெம்பி எடுத்தால் துவாரம் தெரியும்.

இப்படித் திறக்கும்போது சில கார்களில் அலாரம் அலறும். பயப்பட வேண்டாம், வண்டியை ஸ்டார்ட் செய்ததும் நின்றுவிடும்.

பேட்டரி இல்லாமல் ஸ்டார்ட் ஆகுமா?

ஆகும். சாவிக்குள் இரண்டு வேலை நடக்கிறது. தூரத்திலிருந்து கதவைத் திறக்கும் சிக்னலை அனுப்ப பேட்டரி வேண்டும். ஆனால் 'இது இந்தக் காரின் சாவிதான்' என்று அடையாளம் காட்டும் சிப்புக்கு பேட்டரி தேவையில்லை. காரில் உள்ள காயிலுக்கு மிக அருகில் கொண்டுபோனால், அதிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். டோல்கேட்டில் பேட்டரியே இல்லாத ஃபாஸ்டேக் ஸ்டிக்கர் வேலை செய்கிறதே, கிட்டத்தட்ட அதே கதைதான்.

அதனால் பிரேக்கை மிதித்துக்கொண்டு, சாவியை ஸ்டார்ட் பட்டன் மேல் ஒட்டினாற்போல் பிடியுங்கள். பிறகு பட்டனை அழுத்துங்கள். சாவியின் நுனியாலேயே பட்டனை அழுத்தினாலும் பல கார்களில் வேலை முடிந்துவிடும். கியர் வண்டி என்றால் கிளட்சையும் மிதிக்க வேண்டும்.

சில மாடல்களில் சாவியை வைக்க கப் ஹோல்டரிலோ கன்சோல் பெட்டியிலோ தனி இடம் இருக்கும். அது எங்கே என்பது காருடன் கொடுத்த கையேட்டில் படத்தோடு இருக்கும்.

கதவைத் திறந்த பிறகு உள்ளே விளக்கும் எரியவில்லை, டேஷ்போர்டும் இருட்டாகவே இருக்கிறது என்றால் கோளாறு சாவியில் இல்லை. காரின் 12 வோல்ட் பேட்டரிதான் இறங்கியிருக்கும். அதற்கு ஜம்ப் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஓடும்போது தீர்ந்தால் வண்டி நிற்குமா?

நிற்காது. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினை சாவி பேட்டரி அணைக்காது. வழியில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டால் மட்டும், மறுபடி எடுக்க மேலே சொன்ன வழியில் போக வேண்டும்.

நீங்களே மாற்றலாம்

பல சாவிகளில் இருப்பது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி. அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது. 20 என்பது 20 மி.மீ. விட்டம், 32 என்பது 3.2 மி.மீ. தடிமன். வேறு எண் போட்டிருந்தால் அதையேதான் வாங்க வேண்டும். வாட்ச் கடையில் கிடைக்கும், பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

இரும்புச் சாவியை எடுத்த இடத்தில் தெரியும் பிளவில் சின்ன ஸ்க்ரூடிரைவரைத் துணி சுற்றி நுழைத்துத் திருப்பினால் சாவி இரண்டாகப் பிரியும். பழைய பேட்டரியில் ப்ளஸ் பக்கம் எப்படி இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு, புதியதையும் அப்படியே போடுங்கள். உள்ளே இருக்கும் சர்க்யூட்டைத் தொட வேண்டாம்.

ஊர் வீட்டுக் கார்களுக்கு ஒரு விஷயம்

செட்டிநாட்டில் பல வீடுகளில் குடும்பம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும், கார் மாதக்கணக்கில் வாசலில் நிற்கும். சாவியைக் காருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டிவைத்தால் இரண்டும் அடிக்கடி பேசிக்கொண்டே இருக்கும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். அதனால் சாவியைக் காரிலிருந்து தள்ளி, உள்கட்டில் வையுங்கள். டிவி, சார்ஜர் பக்கத்திலும் வைக்க வேண்டாம்.

இரண்டு அடி தூரத்தில் நின்றால்தான் கதவு திறக்கிறது, இரண்டு மூன்று தடவை அழுத்த வேண்டியிருக்கிறது என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

பழைய பேட்டரியை மேஜையில் போடாதீங்க

இதுதான் பலரும் கோட்டை விடும் இடம். சாவிக்குப் போதாத அந்தப் பேட்டரியில் ஒரு குழந்தையின் உணவுக்குழாயை எரிக்கும் அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும். விழுங்கிய பேட்டரி தொண்டைக்குக் கீழே சிக்கினால், ஈரம் பட்டு மின்சாரம் பாய்ந்து, காரம் உருவாகி, 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் ஏற்படலாம். உயிரிழப்புகளும் நடந்துள்ளன. பட்டன் பேட்டரியை விழுங்கிய ஒன்றரை வயதுக் குழந்தை இறந்ததைத் தொடர்ந்து, அமெரிக்காவில் 2022-ல் இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவரப்பட்டது.

குழந்தை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே ஓடுங்கள். வாகனம் இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள். எந்த பேட்டரி என்று மருத்துவரிடம் காட்ட, அதன் கவர் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கழற்றிய பேட்டரியின் இரண்டு பக்கமும் செல்லோடேப் ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

இன்னைக்கு வீட்டில் சும்மா இருக்கும்போதே அந்த இரும்புச் சாவியை ஒரு தடவை வெளியே எடுத்து, கதவு திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வருஷக்கணக்கில் தொடாத பூட்டு இறுகிப்போய் இருக்கலாம். அது ராத்திரி 11 மணிக்குத் தெரிவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.