தஞ்சை அரசவையும் கூச்சத்தின் வரலாறும்

தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் (1739–1763) அவையில் விளங்கிய கணிகையர் குலக் கவிஞர் முத்துப்பழனி, ராதையின் வேட்கையைப் பெண்ணின் நோக்கில் கூசாமல் பாடிய தெலுங்குக் காவியம் 'ராதிகா சாந்த்வனமு' ஆகும். பின்னாளில் திருவையாற்றில் தியாகராசர் சமாதிக்குக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910-இல் அதைப் பதிப்பித்தபோது, சீர்திருத்தவாதி வீரேசலிங்கம் ஏற்கெனவே அதை ஆபாசமெனத் தூற்றியிருந்தார். ஆண் புலவர்கள் பாடிய சிருங்காரத்தை, அதாவது காதற்சுவையை, ஏற்பவர்கள் இதை மட்டும் ஏன் வெறுக்கிறார்கள் என்ற நாகரத்தினம்மாளின் நியாயமான கேள்விக்கு விடையாக, 1911-இல் பிரிட்டிஷ் அரசின் தடையே வந்தது.

விடுதலைக்குப் பின்னும் அக்கூச்சம் நீங்கவில்லை. பாலியல் குறித்தும் கற்பிக்க இந்தியப் பள்ளிகளில் 2005-இல் தொடங்கிய வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைச் சில மாநிலங்கள் 2007-இல் நிறுத்தின. திருமணம்வரை உடலுறவிலிருந்து விலகியிருக்கவே போதிக்கும் அமெரிக்க வகுப்புகளை ஆராய்ந்து அதே ஆண்டில் வெளியான அறிக்கையோ, அவற்றில் பயின்றோர் மற்றவர்களைவிட அதிகம் விலகியிருக்கவில்லை என்றது.