மாவலி கடல் சேரும் கொட்டியாரத்தில்

ஆற்றைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் பிறப்பிடத்தைத்தான் கொண்டாடுவர். மலைமுகடு, பனிமூட்டம், பாறையிடுக்கில் கசியும் முதல் துளி என்று எழுதுவதற்கு எத்தனையோ உண்டு. ஆறு முடியுமிடத்தை நினைப்பார் சிலரே. நான் பிறந்து வளர்ந்தது மாவலி கங்கை முடியுமிடத்துக்கு அண்மையில். ஆதலால் இக்குறையை ஒருவாறு தீர்த்துவைக்கும் கடமை எனக்கு உண்டென எண்ணுகிறேன்.

மத்திய மலைநாட்டிற் பிறந்து, கண்டி நகரை வளைத்து, மகியங்கனைச் சமவெளியிலே வடக்கு நோக்கித் திரும்பி, ஏறத்தாழ 335 கிலோமீற்றர் ஓடி வருகிற மகாவலி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கிறது. இலங்கைத்தீவின் பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நிலத்தின் மழைநீர் இந்த ஓர் ஆற்றுக்கு உரியது. எங்கள் பக்கத்தில் அதற்கு நீண்ட பெயர் கிடையாது. ‘கங்கை’ என்றாலே போதும். அந்தக் கங்கையின் முகத்துவாரத்துக்குக் கிழக்கே மூதூர்ப் பட்டினம். மூதூரிலிருந்து சம்பூருக்குப் போகும் வழியில், உவர்நீர்க் கழியொன்றை அடுத்து, கட்டைபறிச்சான்.

ஊரின் பெயர் கேட்போரைச் சற்றே சிரிக்க வைக்கும். எங்கள் நாட்டுப் பேச்சிலே ‘கட்டை’ என்பது மைலுக்கும் வழங்குவதால், வகுப்பில் ஒரு மாணவன், “மைல்கட்டையைப் பறித்தவன் யார் ஐயா?” என்று கேட்டுவிட்டான். வகுப்பு கொல்லென்று சிரித்தது, நானும் சிரித்தேன். காட்டை வெட்டிச் சுட்டு, அடிக்கட்டைகளைப் பறித்தெறிந்து நிலம் கண்டவர்களின் நினைவு இப்பெயரில் இருக்கலாம் என்பது என் ஊகம். அயலூர்கள் சேனையூர், கடற்கரைச்சேனை என்று பெயர் பூண்டிருப்பது இந்த ஊகத்துக்கு ஓரளவு துணை நிற்கிறது. ஆனால் ஊர்ப்பெயர் ஆராய்ச்சி வழுக்குநிலம். அதிலே வேகமாக நடப்பவர்கள் விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கொட்டியாரக் குடாவை வெறும் படத்திலே பார்ப்பவர்க்கு அது கரையோரத்துக் கோப்பை போலத் தோன்றும். அதன் விந்தை நீருக்கடியில் இருக்கிறது. கரையைவிட்டுச் சற்றே விலகியதும் கடலடி செங்குத்தாகச் சரியத் தொடங்குகிறது. அந்தச் சரிவே கிழக்கே செல்லச் செல்ல மூவாயிரம் மீற்றருக்கும் அதிகமான ஆழங்கொண்ட பெரும் பள்ளத்தாக்காகிறது. திருகோணமலைத் துறைமுகத்துக்காக ஐரோப்பியர் நூற்றாண்டுக்கணக்கில் ஒருவரோடொருவர் பொருதியதற்கு இந்த ஆழமும் ஒரு காரணம். பெரிய ஆறுகள் கடலிலே மண்ணைக் கொட்டித் தாமே புதுநிலம் ஆக்குவது வழக்கம். எங்கள் கங்கையும் கொட்டத்தான் செய்கிறது. கொட்டுவதில் ஒரு பங்கைப் பள்ளம் விழுங்கிவிடுகிறது.

கங்கைக்கு இன்னொரு குணமும் உண்டு. கடலை நெருங்குமுன் கந்தக்காட்டுப் பக்கத்தில் அது இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு கிளை நேரே கொட்டியாரத்துக்கு வருகிறது. மற்றது வெருகல் ஆறு என்ற பெயருடன் கிழக்கே போய்த் தனியாகக் கடல் காண்கிறது. இந்த இரண்டு கைகளுக்கும் கடலுக்கும் இடையில் அகப்பட்ட நிலமே பழைய கொட்டியாரப்பற்றின் பெரும்பகுதி. திருகோணமலைப் பிரதேசத்தின் நான்கு பழம்பிரிவுகளுள் இது ஒன்று. கிளிவெட்டி, மேன்காமம், கங்குவேலி, மல்லிகைத்தீவு, தோப்பூர், ஈச்சிலம்பற்று என்ற ஊர்கள் யாவும் இந்த மண்ணின் பிள்ளைகள். வெருகற் கரையிலே சித்திரவேலாயுதர் கோயில் கொண்டிருக்கிறார். தம்பலகாமத்து வீரக்கோன் முதலியார் அவர்மீது பாடிய ‘வெருகல் சித்திரவேலாயுதர் காதல்’ என்னும் பிரபந்தத்தைக் கிழக்கிலங்கை இலக்கியம் பயில்வோர் அறிவர்.

இந்தச் சிறு பட்டினத்துக்கு ஒருகாலத்தில் பெரும் பேர் இருந்தது. மலைநாட்டின் கண்டி இராச்சியத்துக்குக் கிழக்குக் கடலில் இருந்த வாயில்களுள் கொட்டியாரம் முக்கியமானது. 1612ஆம் ஆண்டில் ஒல்லாந்தரின் பிரதிநிதியான பொஸ்கவர், மன்னன் செனரத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்படி இக்கரையில் ஒரு சிறு கோட்டை எழலாயிற்று. எழுந்த வேகத்திலேயே போர்த்துக்கேயர் வந்து அழித்துவிட்டனர். பின்னர் ஒல்லாந்தர் ஆட்சி நிலைபெற்று, 1786இல் வான் செண்டன் என்ற ஒல்லாந்த அதிகாரி இப்பற்றினூடு பயணஞ்செய்து, குளங்களையும் வயல்களையும் மக்களையும் பற்றித் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஆங்கிலேயர் காலத்தில் புரூக் என்பவர் கங்கையின் போக்கை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1833இல் இலண்டன் அரச புவியியற் கழகத்தின் ஏட்டில் வந்தது. அந்நியர் இத்தனை கருத்தோடு எழுதிவைத்த மண்ணைப் பற்றி நம் பாடப்புத்தகங்களில் எத்தனை வரி இருக்கிறதென்று எண்ணிப் பார்க்க, ஆசிரியனாகிய எனக்கே நாணமாயிருக்கிறது.

ஆனால் கொட்டியாரத்தை உலகறியச் செய்தவர் தூதருமல்லர், அதிகாரியுமல்லர். 1659ஆம் ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலில் பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், மரம் வெட்டிப் பழுதுபார்ப்பதற்காக இக்குடாவிலே ஒதுங்கியது. இங்கே அதற்கு வேண்டிய மரமும் அமைதியான நீரும் இருந்தன. இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களும் இருந்தனர். 1660 ஏப்ரலில் கப்பற்றலைவனும், அவனுடைய பத்தொன்பது வயது மகன் றொபேட் நொக்ஸும், மாலுமிகளுமாகப் பதினாறு பேர் பிடிபட்டு மலைநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தந்தை மறு ஆண்டே காய்ச்சலில் மாண்டார். மகன் தொப்பி பின்னியும் நெல் கடன் கொடுத்தும் பத்தொன்பது ஆண்டுக்கு மேல் காலந்தள்ளி, 1679இல் ஒரு தோழனோடு காடு கடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தார். 1681இல் வெளியான அவருடைய இலங்கை வரலாற்றைப் படித்தே டானியல் டீபோ தமது றொபின்சன் குரூசோவுக்குச் சில நிறங்களைச் சேர்த்தார் என்பர்.

நொக்ஸ் குழுவினர் பிடிபட்டதாகச் சொல்லப்படும் புளியமரம் மூதூரில் நின்றது. 1893இல் அங்கே ஒரு கல்லும் நாட்டினார்கள். சிறுவயதில் அந்தக் கல்லைப் பார்த்தபோது எனக்கு வெள்ளைக்காரன்மேல் இரக்கம் பிறந்தது. ஊரைவிட்டுப் பிடுங்கப்பட்டவன், ஒவ்வொரு நாளும் திரும்பிப்போகும் வழியைத் தேடியவன் என்று கதையாய்க் கேட்டேன். பின்னாளில் அந்தக் கதை எங்கள் ஊர்களின் கதையாகும் என்று யார் கண்டார்?

அதைச் சொல்லுமுன் லாஞ்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். என் இளமையில் மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையே நெருங்கிய வழி கடல்வழிதான். தரைவழி செல்வதாயின் ஒன்றன்பின் ஒன்றாக நீர்நிலைகள் மறிக்கும். ஒவ்வொன்றிலும் ‘பாதை’ என்னும் மிதவைக்காகக் காத்திருக்கவேண்டும். லாஞ்சியில் ஏறினாலோ ஏறத்தாழ ஒரு மணிநேரம். வெற்றிலைக்கட்டு, மீன்கூடை, கோழி, பரீட்சைக்குப் போகும் மாணவன், பிரசவத்துக்குப் போகும் பெண், நீதிமன்றத்தில் ஒருவரோடொருவர் வழக்காடப் போகும் அண்ணன் தம்பியர் எல்லாரும் ஒரே பலகையில் இருப்பர். குடாவின் நடுவில் பள்ளத்துக்கு மேலே வந்ததும் நீரின் நிறம் சட்டென்று கறுக்கும். அப்போது என் அம்மம்மா பேச்சை நிறுத்திவிட்டுக் கோணமலைப் பக்கம் கைகூப்புவார். எதிரே இருக்கும் சாச்சாவும் வாய்க்குள் ஓதுவார். அக்கரை வந்ததும் இருவரும் நெல்விலையைப் பற்றித் தொடர்ந்து பேசுவர்.

அந்தக் கடலையும் தோணியையும் இலக்கியத்துள் ஏற்றியவர் மூதூர் ஈன்ற எழுத்தாளர் வ. அ. இராசரத்தினம். ஆசிரியராய் இருந்துகொண்டே எழுதியவர். 1962இல் வந்த அவரது ‘தோணி’ சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. ‘கொழுகொம்பு’, ‘துறைக்காரன்’ என்பன அவருடைய நாவல்கள். யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் மட்டுமே இலக்கியத்தின் களமாக எண்ணியிருந்த காலத்தில், கொட்டியாரத்து மீனவன் வீட்டுப் பிள்ளைக்கும் ஆசை உண்டு, அதுவும் கதையாகும் என்று காட்டினார். நான் எழுதத் துணிவதற்கு அவரே காரணம் என்பதையும் இவ்விடத்திற் சொல்லிவைக்கிறேன்.

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஹனிபல் என்ற சிற்றூரில் வளர்ந்த ஒருவர், ஆற்றின் ஆழம் பார்ப்போரின் கூவலையே தமக்குப் புனைபெயராக்கிக்கொண்டார். ‘மார்க் ட்வெயின்’ என்றால் இரண்டு பாகம், அதாவது பன்னிரண்டடி ஆழம். நீராவிப்படகு ஓட்டிய அவர் இருபத்தொரு ஆண்டுகளின் பின் தம் ஆற்றைப் பார்க்கத் திரும்பியபோது, புகைவண்டி வந்து படகுகளின் வாழ்வை முடித்திருந்தது. 1883இல் வந்த அவருடைய மிசிசிப்பி நூலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் லாஞ்சி நினைவு வரும். ஆயினும் அவருடைய ஆற்றங்கரையைப் புகைவண்டி மாற்றியது. எங்களுடையதை மாற்றியது யுத்தம்.

2006 ஜூலையில் வெருகல் ஆற்றிலிருந்து வயல்களுக்கு நீர் கொடுக்கும் மாவிலாற்று மதகை விடுதலைப் புலிகள் மூடினர். அந்த வாய்க்காலை நம்பியிருந்த தமிழர், முஸ்லிம், சிங்களவர் மூவர் வயலும் காய்ந்தது. நீரைக் காரணங்காட்டித் தொடங்கிய சண்டை நாட்டைப் பற்றிக்கொண்டது. ஆகஸ்டில் மூதூர் போர்க்களமாகியது. முஸ்லிம் மக்கள் கந்தளாயை நோக்கி நடந்தனர். அதே நாள்களில் பட்டினியை எதிர்த்துப் பணியாற்ற வந்த தொண்டர் பதினேழு பேர் மூதூரில் தம் அலுவலகத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டனர். அதற்குமுன் ஏப்ரலிலேயே குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சம்பூர்ப் பக்கத்து மக்கள் கிளம்பிவிட்டனர். எங்கள் குடும்பமும் வெருகலைக் கடந்து வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போயிற்று. வெருகற் கரையில் தோணிக்குக் காத்திருந்தபோது, இதே ஆறுதானே மறுபுறத்தில் என் வீட்டருகே கடல் சேர்கிறது என்று எண்ணினேன். அந்த எண்ணம் ஆறுதலாக இருக்கவில்லை.

நாங்கள் திரும்பினோம். சம்பூரார் திரும்ப இயலவில்லை. அவர்களுடைய நிலம் உயர்பாதுகாப்பு வலயமென்றும், பின்பு நிலக்கரி மின்னிலையத்துக்கும் கைத்தொழிலுக்கும் உரியதென்றும் வேலியடைக்கப்பட்டது. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் அவர்கள் தகரக்கூரையின் கீழ் ஏறத்தாழப் பத்தாண்டு இருந்தனர். எங்கள் ஊர் முகாமிலிருந்து நோக்கினால் சம்பூரின் மரங்கள் தெரியும். சொந்த மாமரம் கண்ணுக்குத் தெரிய, அதன் காய்க்கு விலைகொடுத்துச் சந்தையில் வாங்கிய தாயொருத்தியை நான் அறிவேன். 2015இலும் 2016இலும் காணிகள் விடப்பட்டன. 2016இலேயே நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது. திரும்பியவர்களிற் பலருக்கு வீட்டின் அத்திவாரமும் கிணறும் மட்டுமே அடையாளம்.

இப்போது பாலங்கள் வந்துவிட்டன. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 396 மீற்றர். உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று மற்றவையும் எழுந்தன. திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்துவிடலாம். நல்லதே நடந்தது, மழைக்காலத்தில் நோயாளியுடன் பாதைக்குக் காத்துநின்ற எவனும் அதைக் குறைசொல்லமாட்டான். ஆனால் பாலம் எல்லாவிடத்தும் வந்துவிடவில்லை. 2021 நவம்பர் 23ஆந் திகதி, கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடந்துகொண்டிருந்த இடத்திலே மிதப்புப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் மாண்டனர். அன்று மாலை என் பழைய மாணவர்களில் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, வரவுப்புத்தகத்தை எப்படித் திறப்பதென்று கேட்டார். அவரும் ஆசிரியர். நான் மறுமொழி சொல்லவில்லை.

ஆற்றுக்கும் மாற்றம் வந்திருக்கிறது. 1976இல் பொல்கொல்லையிலே நீர் திருப்பப்பட்டது. 1985இல் விக்டோரியா அணை முடிந்தது. அதன்பின் மலையில் மழை பெய்தால் முகத்துவாரம் உடனே கலங்கும் என்ற பழைய கணக்கு பொய்த்துவிட்டது. நீரையும் மண்ணையும் மேலே இருக்கும் மதகுகள் அளந்துவிடுகின்றன. வறண்ட மாதங்களில் உவர்நீர் உள்ளே ஏறி வருவதைக் கழியோரத்து உழவர் முறையிடக் கேட்கிறேன்.

சென்ற மாரியில் எங்கள் பாடசாலை மாணவர் சிலரை முகத்துவாரத்துக்கு அழைத்துச் சென்றேன். ஓய்வுபெற்றும் விடாத பழக்கம். கங்கை சிவந்து ஓடிக்கொண்டிருந்தது. செந்நீரும் நீலநீரும் சேருமிடத்தில் ஒரு கோடு தெரிந்தது. “அந்தக் கோட்டுக்கு அப்பால் போனால் ஆறா, கடலா, ஐயா?” என்றாள் ஒரு சிறுமி. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் எனக்கு முந்திக்கொண்டார். “வாயில் வைத்துப் பார், மகள்” என்றார். பிள்ளைகள் எல்லாரும் முழங்காலளவு நீரில் இறங்கி, உள்ளங்கையில் அள்ளி, ஒவ்வொருவராகச் சுவை பார்க்கத் தொடங்கினார்கள்.