தவறுக்குத் தண்டனை வேறு, பிறப்புக்கு வசை வேறு

ஹொக்கி என்றால் புற்றரையில் ஆடப்படும் விளையாட்டே நம்மவர் நினைவுக்கு வரும். பனித்தரையில் ஆடப்படும் ஐஸ் ஹொக்கி, வெயிலும் கடற்காற்றும் நிறைந்த கொழும்புக்கு முற்றிலும் அந்நியமானது. ஆயினும் ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் பல குடும்பங்களுக்குக் கனடாவில் உறவுகள் உண்டு. இலங்கைத் தமிழர் பெருந்தொகையாக வாழும் டொரன்டோ நகரில் இவ்விளையாட்டு, இங்கு கிரிக்கெட் பெறும் இடத்தைப் பெற்றுள்ளது. அந்நகரின் மேப்பிள் லீஃப்ஸ் அணிக்குப் பல ஆண்டுகள் ஆடிய நாஸிம் காதிரி என்ற முஸ்லிம் வீரரின் வாழ்க்கை, பனியைக் கண்டறியாத நமக்கும் சில உண்மைகளை உணர்த்துவதாக உள்ளது.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இருநூறு அடி நீளமான பனியரங்கில், ஓர் அணிக்குக் கோல் காப்பாளர் உட்பட அறுவர், சறுக்குக் காலணி அணிந்து விரைவர். பந்துக்குப் பதிலாகத் தட்டையான ரப்பர் வில்லை பயன்படுத்தப்படுகிறது. இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். உடலால் மோதி எதிராளியைத் தடுப்பதற்கு விதிகளே இடமளிக்கின்றன. எனவே எந்த மோதல் நியாயமானது, எது வரம்பு மீறியது என்ற வினா இவ்விளையாட்டில் எப்போதும் எழுந்துகொண்டே இருக்கும்.

தொழில்முறை வீரராவதற்கான ஏணி மிக நீளமானது. சிறு வயதிலேயே பயிற்சி ஆரம்பமாகிவிடும். காலணி, தலைக்கவசம், மட்டை, அரங்கக் கட்டணம், பயணச் செலவு என்று பெற்றோரின் வருமானத்தில் பெரும் பங்கு அதற்கே சென்றுவிடும். பதினாறு வயதளவில் கனிஷ்ட லீக், பதினெட்டு வயதில் வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கினது வருடாந்த வீரர் தெரிவு என்று படிகள் தொடர்கின்றன. தெரிவு செய்யப்பட்ட இளைஞனுக்கு எந்த நகரில் ஆடுவது என்று தீர்மானிக்கும் உரிமை இல்லை. தெரிவு செய்த அணியே அதனைத் தீர்மானிக்கும். ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும்போதே அவரை வேறோர் அணிக்கு மாற்றிவிடவும் பெரும்பாலும் அதனால் முடியும். பல ஆண்டுகள் ஆடிய பின்னரே ஒரு வீரர் தாம் விரும்பிய அணியுடன் பேரம் பேசும் நிலையை அடைகிறார்.

காதிரி 1990 ஆம் ஆண்டு, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள லண்டன் நகரில் பிறந்தவர். அவரது குடும்பம் லெபனானிலிருந்து குடிபெயர்ந்தது. கிட்செனர் ரேஞ்சர்ஸ், லண்டன் நைட்ஸ் ஆகிய கனிஷ்ட அணிகளில் திறமை காட்டிய அவரை, 2009 ஆம் ஆண்டுத் தெரிவில் ஏழாவது வீரராக டொரன்டோ அணி பெற்றுக்கொண்டது. ஆயினும் கதவு உடனே திறந்துவிடவில்லை. 2010 பெப்ரவரியில் ஒரேயொரு போட்டியில் ஆடிய அவர், அதன் பின்னரும் டொரன்டோ மார்லிஸ் என்ற இரண்டாம் நிலை அணியில் நீண்ட காலம் ஆட நேர்ந்தது. 2012-13 பருவத்திலேயே முதல் நிலை அணியில் அவரது இடம் உறுதியானது. 2016-17, 2017-18 ஆகிய இரு பருவங்களிலும் தலா 32 கோல்களை அவர் அடித்தார்.

அவர் குறையற்ற வீரரல்லர் என்பதையும் மறைத்துவிடலாகாது. கிண்ணத்துக்கான தீர்க்கமான சுற்றுகளில் அவர் நிதானம் இழந்தார். 2018 இல் பொஸ்டன் அணிக்கு எதிராக வரம்பு மீறி மோதியமைக்காக மூன்று போட்டிகளிலும், 2019 இல் அதே அணியின் வீரரை மட்டையால் தாக்கியமைக்காக அச்சுற்று முடியும் வரையிலும் அவர் ஆடத் தடை விதிக்கப்பட்டது. அந்த இரு தொடர்களிலும் டொரன்டோ தோல்வியடைந்தது. 2019 ஜூலையில் அவர் கொலராடோ அவலாஞ்ச் அணிக்கு மாற்றப்பட்டார். அங்கும் 2021 இல் சென்ட் லூயிஸ் வீரர் ஒருவரின் தலையில் மோதியமைக்காக எட்டுப் போட்டிகளில் ஆடத் தடை விதிக்கப்பட, அவரின்றியே அணி கிண்ணச் சுற்றிலிருந்து வெளியேறியது. இவை விதிகளின்படி அளிக்கப்பட்ட தண்டனைகள். இவற்றைக் குறைகூற எவருக்கும் நியாயமில்லை.

ஆனால் 2022 மே மாதத்தில் நிகழ்ந்தது வேறு. அதே சென்ட் லூயிஸ் அணிக்கு எதிரான மூன்றாவது போட்டியில், காதிரியும் எதிரணி வீரர் ஒருவரும் வில்லையைத் துரத்திச் சென்று கோல் காப்பாளர் மீது விழுந்தனர். கோல் காப்பாளர் காயமுற்று அத்தொடரில் மேலும் ஆட முடியாமற் போனார். நடுவர்கள் காதிரிக்குத் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. எனினும் சமூக வலைத்தளங்கள் வாயிலாக அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்து குவிந்தன. அவை அவரது ஆட்டத்தைப் பற்றியவையாக இருக்கவில்லை. அவரது மதத்தையும் அரபு வம்சாவளியையும் இழிவுபடுத்துபவையாக இருந்தன. அவரது பாதுகாப்புக்காகப் பொலிஸாரின் உதவி நாடப்பட்டது.

அடுத்த போட்டி அதே சென்ட் லூயிஸ் நகரில், அதே ரசிகர்கள் முன்னிலையில் நடைபெற்றது. காதிரி மூன்று கோல்களை அடித்தார். கொலராடோ 6-3 என்று வென்றது. பழைய காதிரியாயின் கோபம் மட்டையில் இறங்கியிருக்கக்கூடும். இம்முறை அது ஆட்டமாக மாறியது என்பதே கவனிக்கத்தக்கதாகும்.

அடுத்த சுற்றில் எதிரணி வீரர் ஒருவர் பின்னிருந்து மோதியதால் காதிரியின் பெருவிரல் முறிந்து சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தது. எனினும் இறுதித் தொடரின் நான்காவது போட்டியில் அவர் களமிறங்கி, மேலதிக நேரத்தில் வெற்றிக் கோலையும் அடித்தார். 2022 ஜூன் 26 ஆம் திகதி கொலராடோ ஸ்டான்லி கிண்ணத்தைக் கைப்பற்றியது. 1892 இல் கனடாவின் ஆளுநர் நாயகமாகவிருந்த ஸ்டான்லி பிரபு வழங்கிய அக்கிண்ணத்தை வென்ற முதல் முஸ்லிம் வீரர் காதிரியே.

வெற்றி பெற்ற அணியின் ஒவ்வொரு வீரரும் கிண்ணத்தை ஒரு நாள் தம்முடன் வைத்திருப்பது மரபு. காதிரி அதனைத் தமது ஊரான லண்டனின் பள்ளிவாசலுக்கு எடுத்துச் சென்றார். அதற்கு முந்திய ஆண்டு, 2021 ஜூன் 6 ஆம் திகதி, அந்நகரின் வீதியோரத்தில் நடந்து சென்ற ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மீது, அவர்கள் முஸ்லிம்கள் என்ற காரணத்துக்காகவே ஒருவன் வாகனத்தைச் செலுத்தி நால்வரைக் கொன்றிருந்தான். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் மட்டுமே உயிர் தப்பினான். அந்தத் துயரைச் சுமந்த சமூகத்தின் வாசலுக்கு அக்கிண்ணம் வந்ததன் பொருளை விளக்கவேண்டியதில்லை. அதே மாதத்தில் கல்கரி ஃபிளேம்ஸ் அணியுடன் ஏழு ஆண்டுகளுக்கு 49 மில்லியன் டொலர் ஒப்பந்தத்திலும் அவர் கைச்சாத்திட்டார்.

இத்தகைய அனுபவம் நம் நாட்டவர்க்குப் புதியதன்று. 1995 டிசம்பர் 26 ஆம் திகதி மெல்பேர்ன் மைதானத்தில் முத்தையா முரளிதரனின் பந்துவீச்சு முறையற்றது என நடுவர் ஏழு தடவைகள் அறிவித்தார். பந்துவீச்சு விதிக்கு உட்பட்டதா என்பது நியாயமான வினா. அதற்குப் பரிசோதனைகள் மூலம் விடை காணப்பட்டது. அதன் பெயரால் பார்வையாளர் அரங்குகளிலிருந்து எழுந்த ஏளனக் கூச்சல் நியாயமானதன்று. முரளிதரன் 2010 இல் 800 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் ஓய்வு பெற்றார். அவருக்கு முன்னரே, 1973 இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்ற எம்.ஜே.எம். லாபிர், இந்நாட்டுக்குப் புகழ் சேர்த்தார். வென்றபோது இவர்கள் அனைவருக்கும் உரியவர்களாயினர். தோற்றிருந்தால் எப்படிப் பார்க்கப்பட்டிருப்பார்கள் என்ற வினாவே சிறுபான்மை வீரனை வாழ்நாள் முழுவதும் தொடர்வது.

பெரும்பான்மையைச் சேர்ந்த வீரன் தவறினால் அது அவனது தவறு. சிறுபான்மை வீரன் தவறினால் அவனது இனமும் மதமும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகின்றன. இந்த அநீதியை நாம் கண்டிக்கும் அதே வேளையில் நம்மையும் சற்று உற்றுநோக்க வேண்டும். நமது பாடசாலை மைதானங்களிலும் ஒழுங்கை விளையாட்டுகளிலும் எதிரணிப் பிள்ளையின் சாதியையோ, மதத்தையோ, மொழியையோ, ஊரையோ சொல்லிக் கேலி செய்யும் வழக்கம் நம்மிடையே இல்லை என்று துணிந்து கூற முடியுமா?

தவறைத் தவறென்று கூறுவோம்; விதிப்படி தண்டிப்போம். அதற்கு மேல் ஒரு சொல்லும் அவனது பிறப்பைத் தொடலாகாது. இந்த வேறுபாட்டை நமது பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பு பயிற்றுவிப்பாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மட்டுமன்றி, மைதான ஓரத்தில் நின்று கூச்சலிடும் பெற்றோராகிய நமக்கும் உண்டு.