குதிரை கேட்ட கதை

உலகக் கதைகள் – 17

சென்ற வாரம் மாப்பசானின் ‘நெக்லஸ்’ கதையில், இரவல் நகையைத் தொலைத்துவிட்டுப் பத்து வருடம் பாடுபட்டுக் கடனை அடைத்த தம்பதியைப் பார்த்தோம். இந்த வாரம் பார்க்கப்போவது எத்தனை வருடம் பாடுபட்டாலும் ஈடுகட்ட முடியாத இழப்பு. பெற்ற பிள்ளை முந்திக்கொள்ள, பின்னால் நின்றுவிட்ட தகப்பன்மார்கள்.

புத்திர சோகம் கதைக்குப் புதிதல்ல. தசரதன் கதை தெரியாதவர் நம்மில் யார்? ஆனால் சக்கரவர்த்தி கலங்கினால் அயோத்தியே சேர்ந்து கலங்கும். கூலிக்கு வண்டி ஓட்டுகிறவன் கலங்கினால்? 1886-இல் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் 26 வயது டாக்டர், அந்தோன் செகாவ். அப்போது அவர் ‘செகான்தே’ என்ற புனைபெயரில் பத்திரிகைகளுக்குச் சிரிப்புக் கதைகள் எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அந்த ஜனவரியில் பீட்டர்ஸ்பர்க் நாளிதழ் ஒன்றில் வந்தது ‘துயரம்’. சில பக்கங்களில் முடிந்துவிடும் கதை.

அந்தி நேரம். ஈரப்பனி கொட்டுகிறது. பனிச்சறுக்கு வண்டியின் முன்பலகையில் யோனா பொத்தாபவ் குறுகி உட்கார்ந்திருக்கிறான். உடம்பெல்லாம் பனி படிந்து வெளுத்துவிட்டது. தட்டிவிடக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அவனுடைய கிழட்டுக் குதிரையும் அதேபோல் வெளுத்து, அசையாமல் நிற்கிறது. முதல் சவாரியாக ஒரு ராணுவ அதிகாரி ஏறுகிறார். கொஞ்ச தூரம் போனதும் யோனா திரும்பி, இந்த வாரம் தன் மகன் இறந்துவிட்டதாகச் சொல்கிறான். எதனால் என்று அதிகாரியும் கேட்கத்தான் செய்கிறார். காய்ச்சலாக இருக்கும், மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்று யோனா ஆரம்பிக்கிறான். அதற்குள் இருட்டிலிருந்து யாரோ வசைபாட, பேச்சு அறுந்துபோகிறது. அடுத்த முறை திரும்பிப் பார்த்தால் அதிகாரி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்.

பிறகு மூன்று வாலிபர்கள். இருபது கோபெக்குக்குப் பேசி ஏறுகிறார்கள். கட்டாத கூலிதான், ஆனால் யோனாவுக்கு இப்போது காசு பெரிதில்லை, ஆள் இருந்தால் போதும். அவர்கள் அவனை ஏசுகிறார்கள், பிடரியில் அடிக்கிறார்கள். திட்டாவது காதில் விழுகிறதே என்று அவன் மனம் சற்று லேசாகிறது. செகாவ் தனிமையை எவ்வளவு துல்லியமாக அறிந்தவர் என்பதை இந்த ஓர் இடத்திலேயே பார்க்கலாம். மகன் இறந்ததை அவர்களிடமும் சொல்கிறான். எல்லாரும் சாகத்தான் போகிறோம், வண்டியை விரட்டு என்று பதில் வருகிறது. ஒரு காவலாளியிடம் பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறான்; நடக்கவில்லை. கொட்டடிக்குத் திரும்பினால், தண்ணீர் குடிக்க எழுந்த இளம் வண்டிக்காரன், இவன் வாயைத் திறந்ததும் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு தூங்கிவிடுகிறான்.

செகாவ் யோனாவை அழவைக்கவில்லை. அவன் என்னென்ன சொல்ல ஆசைப்படுகிறான் என்று மட்டும் சொல்கிறார். மகன் எப்படி நோயில் விழுந்தான், என்ன பாடுபட்டான், சாகும் முன் என்ன சொன்னான், அடக்கம் எப்படி நடந்தது, அவன் உடுப்புகளை வாங்கிவரத் தான் ஆஸ்பத்திரிக்குப் போனது. எல்லாவற்றையும் வரிசையாக, நிதானமாகச் சொல்ல வேண்டும். கேட்கிறவர் பெருமூச்சு விட வேண்டும், ஐயோ என்று அரற்ற வேண்டும். துக்கம் கேட்கப் போகிற வீட்டில் நாம் காண்பதும் இதுதானே? வருகிற ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து மறுபடி சொல்வார்கள். பத்தாவது ஆளிடம் சொல்லும்போதுதான் குரல் கொஞ்சம் நிதானப்படும். யோனாவுக்கு அந்த முதல் ஆள்கூட வாய்க்கவில்லை.

கடைசியில் லாயத்துக்குப் போகிறான். ஓட்ஸ் வாங்குமளவுக்கு அன்று சம்பாதிக்கவில்லை. குதிரை வைக்கோல் மெல்கிறது. உனக்கு ஒரு குட்டி இருந்து அது திடீரென்று செத்துப்போனால் உனக்கு வலிக்காதா என்று அதனிடமே கேட்கிறான். குதிரை மென்றபடி அவன் கைகளில் மூச்சு விடுகிறது. அவன் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்குகிறான். இந்த முடிவை மிகையுணர்ச்சி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அத்தனை பெரிய நகரத்தில் அவனோடு சேர்ந்து பனியைச் சுமந்து நின்ற ஒரே உயிர் அதுதான்.

இனி இத்தாலி. 1934-இல் நோபல் பரிசு பெற்ற லூயிஜி பிராந்தெல்லோ எழுதிய கதை, ஆங்கில வாசகர்களிடையே ‘போர்’ என்ற பெயரில் பிரபலமானது. முதல் உலகப் போரில் அவருடைய மகன் ஸ்தெஃபானோ ஆஸ்திரியர்களிடம் போர்க்கைதியாக இருந்தார். கதை ஒரு ரயில் பெட்டிக்குள்ளேயே நடந்து முடிகிறது. ஒரே மகனைப் போர்முனைக்கு அனுப்பவிருக்கும் தாய் கறுப்புடையில் ஏறுகிறாள். ஒரு மகனைப் பெற்றவருக்கு வேதனை அதிகமா, இருவரைப் பெற்றவருக்கா என்று பெட்டியில் வாக்குவாதம். அப்போது தடித்த பயணி ஒருவர் எல்லாரையும் அடக்கிவிட்டுப் பேசுகிறார். பிள்ளைகள் தேசத்துக்காக மகிழ்ச்சியோடு சாகிறார்கள், நாம் ஏன் அழ வேண்டும். தன் மகன் இறந்தும் தான் துக்க உடை உடுத்தவில்லை என்கிறார். எல்லாரும் பாராட்டுகிறார்கள். அந்தத் தாய் மட்டும் கனவிலிருந்து விழித்தவள்போல, அப்படியானால் உங்கள் மகன் நிஜமாகவே இறந்துவிட்டானா என்று கேட்கிறாள். அப்போதுதான் அந்த மனிதருக்கு அது விளங்குகிறது. பெட்டியே பார்த்திருக்க, தேம்பி அழுகிறார். அந்த அம்மாள் அறியாமல் கேட்ட அந்தக் கேள்வி அவருக்கு எத்தனை நாளாகத் தேவைப்பட்டதோ!

நியூசிலாந்தில் பிறந்து ஐரோப்பாவில் எழுதிய காதரின் மான்ஸ்ஃபீல்டு செகாவை உயிராக நேசித்தவர். 1915 அக்டோபரில் அவருடைய ஒரே தம்பி லெஸ்லி பெல்ஜியத்தில் கையெறி குண்டுப் பயிற்சியின்போது இறந்தார். ஏழாவது வருடம், காசநோய்ச் சிகிச்சைக்காகப் பாரிஸில் இருந்தபோது எழுதியது ‘ஈ’. இதில் வரும் தகப்பனுக்குப் பெயரே கிடையாது; முதலாளி, அவ்வளவுதான். அலுவலகத்தில் புதுக் கம்பளம், புது மேஜை நாற்காலி, மின்சாரக் கணப்பு. மேஜைக்கு மேலே ராணுவ உடையில் மகனின் படம். பார்க்க வந்த பழைய நண்பர், தன் பெண்கள் பெல்ஜியம் போனபோது உங்கள் மகன் கல்லறையையும் பார்த்தார்கள், நன்றாகப் பராமரிக்கிறார்களாம் என்கிறார். கூடவே அங்கே ஓட்டலில் ஜாம் விலை அநியாயம் என்பதையும்.

நண்பர் போனதும் அரைமணி நேரம் யாரையும் உள்ளே விடாதே என்று உத்தரவிட்டுவிட்டு முதலாளி அழ உட்காருகிறார். ஆறு வருடமாகிவிட்டது. கண்ணீர் வரவில்லை. அப்போது மைக்கூட்டில் விழுந்து தவிக்கும் ஈ ஒன்று கண்ணில் படுகிறது. பேனாவால் எடுத்து மையொற்றும் தாளில் விடுகிறார். அது கால்களால் இறக்கையைத் துடைத்துத் துடைத்துப் பறக்கத் தயாராகிறது. அந்த நொடியில் அதன்மேல் ஒரு சொட்டு மை விடுகிறார். மறுபடியும் துடைத்து எழுகிறது. அதன் தைரியத்தை மெச்சியபடியே இன்னொரு சொட்டு. மூன்றாவது சொட்டில் ஈ செத்துப்போகிறது. காரணம் தெரியாத பயம் அவரைக் கவ்வுகிறது. சற்றுமுன் என்ன நினைத்துக்கொண்டிருந்தோம் என்பதே மறந்துவிடுகிறது.

ஈ என்பது போரில் செத்த பையன்கள், முதலாளி என்பது அவர்களை அனுப்பிய கிழவர்கள் என்று விமர்சகர்கள் விளக்குவார்கள். வங்கியாளரான மான்ஸ்ஃபீல்டின் தந்தையை அந்த முதலாளியில் கண்டவர்களும் உண்டு. இருக்கலாம். எனக்குப் படுவது வேறு. இந்த மனிதர் ஆறு வருடமாகத் தன் மகனைப் பற்றி ஒருவரிடமும் மனம்விட்டுப் பேசியவராகத் தெரியவில்லை. யோனாவுக்குக் கேட்க ஆள் கிடைக்கவில்லை. இவர் ஆளே வரக்கூடாதென்று கதவைச் சாத்திக்கொள்கிறார். உள்ளே கெட்டித்துப்போனது கைக்கு அகப்பட்ட எளிய உயிரின்மேல் இறங்குகிறது. இந்தக் கதையைப் படித்த பிறகு, யோனாவுக்குக் குதிரையாவது இருந்ததே என்று ஆறுதல்படுகிறேன்.

அமெரிக்காவின் ரேமண்ட் கார்வரும் செகாவின் வாரிசுதான். 1987-இல் வந்த அவருடைய ‘எரண்ட்’ கதை செகாவின் மரணத்தைப் பற்றியது. நம் பொருளுக்கு வேண்டியது, அவர் இரண்டு வடிவங்களில் வெளியிட்ட ஒரு கதை. பிறந்தநாள் கேக்குக்கு ஒரு தாய் சொல்லிவைக்கிறாள். பிறந்தநாளன்று பையன் காரில் அடிபட்டு நினைவிழக்கிறான். கேக்கை வாங்க யாரும் வராததால் பேக்கரிக்காரர் நேரங்காலமில்லாமல் போன் செய்து நச்சரிக்கிறார். 1981 தொகுப்பில் பதிப்பாசிரியர் கோர்டன் லிஷ் பெரும்பகுதியை வெட்டியெறிய, ‘குளியல்’ என்ற பெயரில் வந்த கதை போன் ஒலிப்பதோடு நின்றுவிடுகிறது. பையன் பிழைத்தானா என்பதே தெரியாது.

1983 தொகுப்பில் கார்வர் கதையை முழுதாகத் திருப்பிக் கொண்டுவந்தார். பையன் இறந்துவிடுகிறான். நள்ளிரவில் பெற்றோர் ஆத்திரத்தோடு பேக்கரிக்குப் போகிறார்கள். விஷயம் தெரிந்ததும் அந்த மனிதர் நாற்காலி தேடிப்போட்டு உட்காரவைத்து, மன்னிப்புக் கேட்டு, சூடான ரொட்டியும் காபியும் தருகிறார். பிள்ளையில்லாத தன் வாழ்க்கையைச் சொல்கிறார். விடிய விடியப் பேசுகிறார்கள். வெட்டிய வடிவம்தான் கூர்மையானது என்று வாதிடுபவர்கள் உண்டு; நான் முழுக்கதையின் பக்கம். 1886-இல் யோனா தேடி அலைந்த ஆள் இந்தப் பேக்கரியில் கிடைக்கிறார், அதுவும் போனில் வதைத்துக்கொண்டிருந்தவரே. அந்த இரவை வெட்டினால் மிஞ்சுவது திகில்கதைதான்.

அடுத்த வாரம் சீனாவுக்குப் போகிறோம். லூ சுன் 1919-இல் எழுதிய ‘மருந்து’. அதிலும் ஒரு மகன், இருமி இருமித் தேய்கிறவன். அவனைப் பிழைக்கவைக்க, டீக்கடை நடத்தும் தகப்பன் விடியுமுன் காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொலைக்களத்துக்குப் போகிறான். அங்கே அவன் என்ன வாங்கினான் என்பதிலிருந்து தொடங்குவோம்.