பந்துக்கு ஒரு வீடு கட்டுமுன்



கல்கத்தா முஹம்மதன் ஸ்போர்ட்டிங் என்னும் பெயரை உங்கள் வீட்டுப் பெரியவர் எவரிடமேனும் சொல்லிப் பாருங்கள். கால்பந்து அறிந்தவராயின் அவர் முகம் மலரும். 1891ல் தோன்றிய அக்கழகம், 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கல்கத்தா லீக் பட்டத்தைத் தன்வசம் வைத்திருந்தது. அதற்கு முன் எந்த இந்தியக் குழுவும் அப்பட்டத்தை வென்றதில்லை. வெள்ளைப் பட்டாளத்தாரின் குழுக்களும் ஆங்கிலேயர் கழகங்களுமே வென்று வந்தன. 1940 டிசம்பரில் டெல்லி இர்வின் அரங்கில் ராயல் வார்விக்ஷயர் படைப்பிரிவை 2-1 என்ற கணக்கில் வீழ்த்தி, டூரண்ட் கோப்பையை வென்ற முதல் இந்தியக் கழகம் என்னும் சிறப்பையும் அடைந்தது. நெடுங்காலம் தளர்ந்து கிடந்து, பின் 2023-24 ஐ-லீக் பட்டத்தை வென்று இந்தியன் சூப்பர் லீக்கில் நுழைந்தது.

இத்துணைப் புகழ் வாய்ந்த கழகத்துக்குச் சொந்தமான ஸ்டேடியம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், விடை வியப்பைத் தரும். அப்படி ஒன்று இல்லை!

மைதான் எனப்படும் கல்கத்தாவின் பெரும் புல்வெளியில் அதற்கென ஒரு திடல் உண்டு, கூடாரம் உண்டு, பார்வையாளர் படிக்கட்டுகளும் உண்டு. ஆனால் அந்நிலம் இராணுவத்தின் பொறுப்பில் உள்ளது. அங்கே கழகங்கள் இராணுவத்தின் அனுமதியின் பேரில் இருப்பவை; அதன் இசைவின்றி நிரந்தரக் கட்டடம் எதையும் எழுப்ப இயலாது. மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் கூட இதே நிலைதான். ஆகவேதான் 2024-25 பருவத்தில் உயர்நிலை லீக்கில் ஆட வந்த முஹம்மதன், தன் சொந்தத் திடலை விட்டுவிட்டு, பெரும்பாலும் ஜாதவ்பூர்ப் பக்கமுள்ள அரசுத் திடலான கிஷோர் பாரதி கிரீராங்கனில் ஆட நேர்ந்தது. வாடகை வீட்டில் திருமணம் நடத்துவது போன்றதுதான் இது. விருந்து நடக்கும், ஆனால் ஆணி அடிக்க உரிமை இல்லை.

பெருந்திரள் கூடும் இடத்தைச் சரிவர அமைக்காவிட்டால் என்ன நேரும் என்பதையும் அதே நகரம் பட்டறிந்தது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய ஆட்டத்தில் கலவரமும் நெரிசலும் மூண்டு 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். நகரின் கிழக்கே 1984ல் திறக்கப்பட்ட சால்ட் லேக் ஸ்டேடியம், தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொள்ளும் பேரரங்காக விளங்கியது. அதுவும் அரசின் சொத்தே.

நம் சென்னையின் கதையும் வேறன்று. பெரியமேட்டுக்கு அருகே இருந்த மாநகராட்சி ஸ்டேடியத்தில் 1956 முதல் 1965 வரை டெஸ்ட் கிரிக்கெட் நடந்தது. பின் அவ்விடத்தில் 260 நாள்களில் புதிய நேரு ஸ்டேடியம் எழும்பி, 1993 ஜனவரியில் நேரு கோப்பைக் கால்பந்தும், 1995ல் தெற்காசிய விளையாட்டுகளும் நடந்தேறின. 2014ல் தோன்றிய சென்னையின் எஃப்.சி. கழகம் அதையே தன் தாயகமாகக் கொண்டு, 2015லும் 2017-18லும் பட்டம் வென்றது. ஆனால் பந்துத் திடலைச் சுற்றி ஓட்டப் பாதை இருப்பதால், ரசிகனுக்கும் ஆட்டக்காரனுக்கும் இடையே ஓர் அகழி போல இடைவெளி. எல்லா விளையாட்டுக்கும் ஆகும்படி கட்டுவது அரசுக்குச் சிக்கனம். பந்தைக் காண வந்தவனுக்கோ தூரம்.

அப்படியானால், ஒரு தொழில்முறைக் கழகத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை போலக் கட்டப்பட்ட அரங்கம் எப்படி இருக்கும்? அதற்கு நாம் கத்தாருக்குச் செல்ல வேண்டும். உங்களில் பலருக்கு அது அந்நிய பூமி அன்று. கணவரோ, மகனோ, மச்சானோ அங்கிருந்து ஜுமுஆ கழிந்ததும் பேசும் ஊர்.

தோஹாவுக்கு மேற்கே அல் ரய்யான் கழகத்தின் தாயகமான அஹ்மத் பின் அலி ஸ்டேடியம் 2003ல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 21,000 பேர் அமரலாம். 2022 உலகக் கோப்பைக்கு அது போதாதென்று அதனை இடித்துப் புதிதாகக் கட்டினர். கட்டிய கூட்டு நிறுவனங்களில் ஒன்று அந்நாட்டு அல் பலாக். மற்றொன்று நம் இந்தியாவின் லார்சன் அண்ட் டூப்ரோ. 2020 டிசம்பர் 18ல், கத்தாரின் தேசிய தினத்தன்று, அமீர் கோப்பை இறுதி ஆட்டத்துடன் அது திறக்கப்பட்டது.

இதில் இரண்டு செய்திகள் என் மனத்தைக் கவர்ந்தன. ஒன்று, பழைய அரங்கை இடித்ததில் கிடைத்த பொருள்களில் பெரும்பகுதியைக் குப்பையாக்காமல் மீண்டும் பயன்படுத்தியது. மற்றொன்று, மேலடுக்கு இருக்கைகளைப் பின்னர் கழற்றிவிடும்படி வடிவமைத்தது. உலகக் கோப்பைக்கு 40,000க்கும் மேல் வேண்டும். கழகத்தின் அன்றாட ஆட்டத்துக்கு அதில் பாதி போதும் என்று திட்டமிடும்போதே எண்ணினர். விருந்தாளி வரும் நாளைக் கணக்கிட்டு வீடு கட்டுகிறவன், மற்ற நாள்களில் வெற்று அறைகளைக் கூட்டிப் பெருக்கிக் கொண்டிருக்க வேண்டியதுதான். ஸ்டேடியம் கட்டுவோர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

அழகை மட்டும் சொல்லி நகர்வது நியாயமாகாது. அந்த அரங்கங்களும் சாலைகளும் எழும்பிய ஆண்டுகளில் நம் நாட்டவரும் அண்டை நாட்டவரும் சிந்திய வியர்வை கொஞ்சமன்று. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், பங்களாதேஷ், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்த 6,500க்கும் மேற்பட்ட தொழிலாளர் பத்தாண்டுகளில் அங்கே மரணமுற்றதாக, பிரிட்டனின் கார்டியன் நாளேடு 2021ல் எழுதியது. அது எல்லா வேலையினரையும், எல்லாவகை மரணங்களையும் சேர்த்த கணக்கு. ஸ்டேடியப் பணியிடங்களில் வேலையால் நேர்ந்த மரணங்கள் மூன்றே என்றனர் அமைப்பாளர். அவர்களுள் தலைமைப் பொறுப்பிலிருந்த ஹஸன் அல் தவாதியே, போட்டி தொடர்பான பணிகள் அனைத்தையும் சேர்த்தால் 400 முதல் 500 வரை இருக்கலாம் என்று 2022 நவம்பரில் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். இடைப்பட்ட காலத்தில் சில நன்மைகளும் விளைந்தன: 2020ல் வேலை மாற முதலாளியின் சம்மதக் கடிதம் வேண்டியதில்லை என்றாயிற்று, 2021ல் குறைந்தபட்ச மாதக் கூலி 1,000 ரியால் என்றாயிற்று, அதே ஆண்டு முதல் ஜூன் தொடங்கி செப்டம்பர் நடுப்பகுதி வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெயிலில் வேலை வாங்கலாகாது என்ற விதியும் வந்தது. கூலியையும் வியர்வையையும் இணைத்துச் சொன்ன நபிமொழியை நாம் மத்ரஸாவில் பிஞ்சுப் பிள்ளைகளுக்கே பாடமாகச் சொல்கிறோம். பளபளக்கும் அரங்கத்தைத் தொலைக்காட்சியில் காணும்போது அப்பாடம் நினைவுக்கு வர வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் என்று நம் தஞ்சைத் தரணியின் ஊர்களில் பந்தாட்டத்துக்கு இருக்கும் மோகத்தை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. அஸருக்குப் பின் பாடம் நடத்தும் எனக்கு அது நன்றாகவே தெரியும். பந்தின் ஓசை கேட்டால் பிள்ளைகளின் காது என்னிடம் இருக்கும், கண் ஜன்னலுக்குப் போய்விடும்! வளைகுடாவில் அந்த அரங்கங்களைப் பார்த்துத் திரும்பும் இளைஞர்கள், “நமக்கும் ஒரு ஸ்டேடியம் வேண்டும்” என்கின்றனர். ஆசை நல்லதே. ஆனால் பணம் திரட்டுமுன் சில கணக்குகளைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முழு அளவுத் திடல் என்பது 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். நம் கணக்கில் ஐந்தே கால் மாவுக்குச் சற்று அதிகம். சுற்றிலும் ஓட இடம், படிக்கட்டு, வாகனம் நிறுத்துமிடம் என்று சேர்த்தால் ஒரு வேலி நிலம் தேவைப்படும். ஒரு வேலி என்பது நம் பகுதியில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைச் சோறு. நஞ்சையை வேறு பயனுக்கு மாற்ற அரசின் முன் அனுமதி வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, வாய்க்கால் பாயும் குறுவை, சம்பா வயலை மண்ணடித்து மேடாக்க மனம் ஒப்புமா? “தூர்ந்த குளம் ஒன்று சும்மா கிடக்கிறதே” என்பார் சிலர். குளம் சும்மா கிடப்பதில்லை. ஊர்க் கிணறுகளுக்கு ஊற்றாகக் கிடக்கிறது. “வக்ஃப் நிலம் இருக்கிறதே” என்பார் வேறு சிலர். வக்ஃப் செய்தவர் எந்த நோக்கத்துக்காக எழுதி வைத்தாரோ அதை மீற ஜமாஅத்துக்கும் உரிமையில்லை, முதவல்லிக்கும் உரிமையில்லை. பத்திரத்தை எடுத்துப் படித்த பின்னரே பேச வேண்டிய பேச்சு அது. என்னைக் கேட்டால், பள்ளிக்கூடத்துக்கோ கல்லூரிக்கோ ஏற்கெனவே உள்ள திடலைச் செப்பனிட்டுப் பொதுவில் ஆடுவதே முதல் வழி என்பேன்.

அடுத்தது தண்ணீர். நம் மண் களிமண். நெல்லுக்கு உகந்த குணமே பந்துக்குப் பகை. ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை கொட்டினால், திடலின் மீது மட்டும் ஏழு லட்சம் லிட்டர் நீர் விழுகிறது. அது வடிய வழி வேண்டும். வெளிநாட்டு முறைப்படி, அடியில் துளையிட்ட குழாய்களைப் பதித்து, மேலே சரளை பரப்பி, அதற்குமேல் ஓர் அடி மணலிட்டுப் புல் வளர்ப்பர். அந்த ஓர் அடிக்கே ஏறத்தாழ 750 யூனிட் மணல் வேண்டும். கொள்ளிடத்தின் வயிற்றைக் கீறித்தான் பந்தாட வேண்டுமா? சிக்கன வழியும் உண்டு. திடலின் நடுமுதுகை ஓர் அடி உயர்த்தி, இருபுறமும் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சரிவு கொடுத்து, மெல்லிய பள்ளங்களை வெட்டி அவற்றில் மட்டும் சரளையும் மணலும் நிரப்பி, ஓர வாய்க்காலில் கொண்டு சேர்க்கலாம். ஆனால் அந்த ஓர வாய்க்கால் எதில் போய் விழும் என்பதை முதலிலேயே காண வேண்டும். திடலின் நீரைப் பக்கத்து வயலில் தள்ளிவிட்டால் பகைதான் மிஞ்சும்.

புல்லுக்கு அலைய வேண்டியதில்லை. வெப்ப நாடுகளின் திடல்களில் பெர்முடா புல் என்று விலை கொடுத்து விதைப்பது பெரும்பாலும் நம் அருகம்புல்லின் இனமே. உப்புக் காற்றும் உப்பு நீரும் உள்ள கடலோர ஊர்களுக்குப் பாஸ்பலம் என்னும் மற்றொரு புல் ஏற்றது. கத்தாரின் உலகக் கோப்பைத் திடல்களில் அதைத்தான் வளர்த்தனர்.

கூரை பற்றி எவரேனும் பேசினால் 2018 நவம்பர் 16ஐ நினைவூட்டுங்கள். கஜா புயலில் தென்னைகளே வேரோடு சாய்ந்தன. தகரக் கூரைகள் காகிதமாகப் பறந்தன. காற்று கூரையைக் கீழே அமுக்குவதைக் காட்டிலும் மேலே தூக்குவதே ஆபத்து. ஆதலால் அடித்தளம் சுமையைத் தாங்கினால் மட்டும் போதாது, கூரையை இழுத்துப் பிடிக்கவும் வேண்டும். அதற்குப் பொறியாளரின் கணக்குத் தேவை. கொத்தனாரின் அனுபவம் மட்டும் போதாது. சவுக்குக் கழிகளைக் கட்டித் தற்காலிக கேலரி அமைப்போரும் கவனிக்க வேண்டும்: 2022ல் மலப்புரம் மாவட்டத்தில் அத்தகைய கேலரி ஒன்று ஆட்டத்தின்போது சரிந்து ஏராளமானோர் காயமுற்றனர். அதே ஆண்டு அக்டோபரில் இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் ஸ்டேடியத்தில் காவலர் கண்ணீர்ப்புகை வீச, குறுகிய வாயில்களில் நெரிந்து 135 பேர் மாண்டனர். கூட்டம் முழுவதும் எட்டு நிமிடத்தில் வெளியேற வேண்டும் என்பது பிரிட்டனில் பின்பற்றும் அளவு. வாயில்களை அதற்கேற்ப அமைத்தபின் இருக்கைகளை எண்ணுங்கள்.

சில சிறு செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். திடலின் நீளம் வடக்கு தெற்காக இருக்கட்டும். மாலை வெயில் கோல்கீப்பர் கண்ணில் விழாது. கழிப்பறைகளையும் வடக்கு தெற்காகவே வையுங்கள். ஏனென்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உளூச் செய்யக் குழாயும், தொழ ஒரு திண்ணையும், தாய்மார்களும் பெண் பிள்ளைகளும் வந்தால் தனி வழியும் வரைபடத்திலேயே இடம் பெறட்டும். கட்டி முடித்தபின் ஒட்டுப் போடுவது அழகன்று. நேரத்தையும் பாருங்கள். ஷாஃபிஈ அஸரைத் தொழுதுவிட்டு ஆடத் தொடங்கும் கடலோர ஊரார்க்கு, கார்த்திகை மாதத்திலும் மஃரிபுக்கு முன் ஆட்டம் முடிந்துவிடும். ஹனஃபி அஸர் வரை காத்திருக்கும் ஊரிலோ, இடைவேளையும் சேர்த்து 105 நிமிடம் ஆகும் ஆட்டத்தின் கடைசி விசிலும் பாங்கோசையும் ஒன்றாகவே ஒலிக்கும்! மின்விளக்குக் கோபுரம் நட்டால் தீரும் என்பீர்கள். நடுவது ஒருநாள் செலவு. மின்கட்டணம் மாதந்தோறும் வரும். புல் வெட்டுபவருக்குச் சம்பளமும் அப்படியே.

எனவே ஆர்வமுள்ள இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். வசூல் ரசீது அச்சடிக்குமுன், நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் நிலத்தில் ஒரு மழைக்காலம் முழுவதும் நான்கு மூலைகளிலும் நடுவிலும் அளவுக் கழிகளை நட்டு வையுங்கள். ஒவ்வொரு மழைக்கும் எந்த இடத்தில் எத்தனை அங்குலம் நின்றது, எத்தனை நாளில் வடிந்தது, எந்தப் பக்கமாக வடிந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். தை பிறந்ததும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பொறியாளரிடம் செல்லுங்கள்.